உள்ளங்கால் எரிச்சலுக்கு நான்கு வரி பதில் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராத்திரியானால் உள்ளங்கால் தீயாய் எரிகிறது என்று எழுதிய வாசகருக்கு உங்கள் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரி பதில் வந்திருந்தது. வைட்டமின் குறைவு, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை மூன்று மாதம் சாப்பிடுங்கள், சரியாகிவிடும் என்றது அந்தப் பதில். சிலருக்கு அப்படியே சரியாகவும் ஆகும். ஆனால் எரிவது ஒரு காலா, இரண்டு காலா என்றுகூடக் கேட்காமல் சொல்லப்பட்ட பதில் அது. அந்த மாத்திரையால் வரக்கூடிய இரண்டு சிக்கல்களைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

எரிகிற காலை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். நெருப்பின் மேல் நிற்பது போல் இருக்கிறது என்று சொல்கிறவரின் பாதத்தில் புறங்கையை வைத்தால், பலருக்கு அது சாதாரணமாகவோ சில்லென்றோதான் இருக்கும். காலில் சூடு இருப்பதில்லை. சூட்டைச் சொல்லும் நரம்பில்தான் கோளாறு. சூட்டையும் வலியையும் தோலிலிருந்து எடுத்துச் செல்பவை மிக மெல்லிய நரம்பிழைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மேலுறை கிடையாது. நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர் வேகத்தில்தான் செய்தி நகரும். தொடுதலையும் அதிர்வையும் கொண்டுபோகும் தடித்த இழைகளில் அதே செய்தி 35 முதல் 75 மீட்டர் வரை ஓடும். மெல்லிய இழை பழுதானால், தோலில் எதுவும் படாமலே தானாகச் சமிக்ஞை அனுப்பத் தொடங்கும். மூளைக்கு அது அனலாகத் தெரிகிறது.

அது ஏன் பாதத்தில் முதலில் வருகிறது? கால்விரல் நுனிக்கு வரும் நரம்பிழையின் உயிரணு இருப்பது கீழ் முதுகுத்தண்டின் அருகில். அங்கிருந்து விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர். இழைக்கு வேண்டிய சரக்கெல்லாம் அந்த ஒரு மீட்டரும் நகர்ந்தே வந்து சேர வேண்டும். சர்க்கரை, மது, சிறுநீரகம் வெளியேற்றாத கழிவு, மருந்து என்று எது நரம்பைக் கெடுத்தாலும் கடைக்கோடிதான் முதலில் வாடும். எனவே இந்த வகை எரிச்சல் இரண்டு கால்விரல்களிலும் ஒன்றாகத் தொடங்கி, காலுறை போடும் அளவுக்கு மெல்ல மேலேறும். முழங்காலை நெருங்கும்போதுதான் கைவிரல் நுனிகளில் மதமதப்பு ஆரம்பிக்கும். மாதங்களாக, ஆண்டுகளாக நடக்கும் இந்த வரிசையே ஒரு சாட்சி. கையில் முதலில் வந்தாலோ, ஒரு காலில் மட்டும் வந்தாலோ, நாலைந்து நாளில் மேலேறினாலோ வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

ஒரு காலில் மட்டும் என்றால் இடத்தைக் கேட்க வேண்டும். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில் எரிச்சல், செருப்புக்குள் சின்னக் கல் ஒன்று மாட்டிக்கொண்டது போன்ற உணர்வு, முன்பக்கம் குறுகிய ஷூவைக் கழற்றியதும் நிம்மதி என்றால் அங்கே ஓடும் விரல் நரம்பு நெரிபட்டுத் தடித்திருக்கிறது. அதற்கு மார்ட்டன் நியூரோமா என்று பெயர். விரல்கள் விரிய இடமுள்ள காலணியும், பாதத்தின் முன்பந்துக்குச் சற்றுப் பின்னால் வைக்கும் சிறு திண்டுமே பலருக்குப் போதும். திண்டை வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே வைத்தால் வலி கூடும். பலரும் அங்கேதான் வைக்கிறார்கள். உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டும்போது உள்ளங்காலுக்குச் சுருக்கென்று மின்சாரம் பாய்ந்தால், அந்த வளைவில் நரம்பு அழுந்துகிறது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது மாலையில் அதிகமாகும். இடுப்பிலிருந்து தொடைப் பின்புறமாக இறங்கி, பாதத்தின் வெளி ஓரத்தில் எரிந்து, இருமினாலும் தும்மினாலும் சுண்டி இழுத்தால், கோளாறு முதுகுத்தண்டு வட்டில் இருக்கிறது. காலுக்கு எண்ணெய் தேய்த்துப் பயனில்லை. எலும்பு முறிந்து கட்டுப் போட்ட காலில், முறிவு கூடிய பிறகும் எரிச்சல் கூடிக்கொண்டே போய், நிறமும் வியர்வையும் மற்ற காலிலிருந்து மாறுபட்டால் சீக்கிரம் காட்ட வேண்டும். தள்ளிப்போடப் போட அந்தக் காலை அசைக்கவே பயந்துவிடுவார்கள்.

தோலையும் பார்த்துவிட வேண்டும். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வெள்ளையாக ஊறி, உரிந்து, அரிப்போடு எரிந்தால் அது பூஞ்சைத் தொற்று. டெர்பினாஃபின் 1 சதவீதக் களிம்பு ஒன்று இரண்டு வாரத்தில் கேட்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை பரவும். எரிச்சல் செருப்பு வார் படும் கோட்டில் மட்டும் இருந்தால் செருப்பின் தோலுக்கோ ரப்பருக்கோ பசைக்கோ ஒவ்வாமை.

இனி வைட்டமினுக்கு வருகிறோம். காலெரிச்சலையும் வைட்டமினையும் சேர்த்துப் பேசும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1826-இல் கிரியர்சன் என்ற மருத்துவர் இந்த எரிச்சலைப் பதிவு செய்தார். 1946-இல் சி. கோபாலன் என்ற இந்திய ஊட்டச்சத்து அறிவியலாளர், பி5 எனப்படும் பாண்டோதெனிக் அமிலத்தால் அது தணிவதை எழுதினார். மருத்துவ நூல்களில் இன்றும் இருவர் பெயரிலும் அது வழங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்தவர்களிடமும் இதே எரிச்சல் பரவலாக இருந்தது. அவர்களெல்லாம் மாதக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்தவர்கள். பி5 ஏறக்குறைய எல்லா உணவிலும் இருப்பதால், ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒருவருக்கு அது மட்டும் குறைவது மிக அபூர்வம். பட்டினிக் காலத்துப் பாடத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியதில்தான் பிசகு.

இன்று நிஜமாகவே அடிக்கடி குறைவது பி12. இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடாதவர்கள், இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்கள், அமிலம் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்கள், மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு இந்தக் குறைவு வரும். மெட்ஃபார்மினில் அளவும் காலமும் கூடக் கூட வாய்ப்பும் கூடும். ஆகவே சர்க்கரை நோயாளிக்குக் கால் எரிந்தால் சர்க்கரையின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போகக்கூடாது. ரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அங்கே மெதைல்மலோனிக் அமிலம் என்ற இன்னொரு பரிசோதனை தேவைப்படும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று பி12-ஐ விட்டுவிடுவதும் தவறு. ரத்தசோகை வராமலே நரம்பு கெட்டவர்கள் உண்டு. ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை மறைந்துவிடும், நரம்புச் சேதமோ சத்தமில்லாமல் வளரும்.

முதல் சிக்கல் இதில்தான் இருக்கிறது. மாத்திரை தொடங்கிச் சில நாட்களிலேயே ரத்தத்தில் பி12 அளவு ஏறிவிடும். பிறகு பரிசோதித்தால் ‘நார்மல்’ என்று வரும். எரிச்சல் தீராமல் மருத்துவரிடம் போகிறவரின் கையில் ஒரு நல்ல ரிப்போர்ட் இருக்கும், ஆனால் உண்மையில் குறைவு இருந்ததா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஒருவருக்குக் குறைவு உறுதியானால் ஆயுள் முழுக்க ஊசியோ, தினம் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையோ தேவைப்படலாம். அவரை மூன்று மாதத்தில் நிறுத்தச் சொல்வது ஆபத்து. முதலில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அன்று மாலையே மாத்திரையைத் தொடங்கினாலும் எந்தக் கேடும் இல்லை.

இரண்டாவது சிக்கல் பி6. மாத்திரை அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பைரிடாக்சின் என்று பொடி எழுத்தில் இருப்பதுதான் அது. ஐம்பது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 1.3 மில்லிகிராம். 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கு விதித்த மேல்வரம்பு நாளுக்கு 12 மில்லிகிராம். அமெரிக்க வரம்பு 100. நரம்புக்கு என்று விற்கப்படும் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் ஒன்றிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். பி6 மாதக்கணக்கில் மிகுந்தால் அதே உணர்வு நரம்புகளைக் கெடுத்து, அதே எரிச்சலையும் மரத்துப்போதலையும் கொண்டுவரும். எரிகிறது என்று மாத்திரை, மாத்திரையால் எரிச்சல், அதற்கு இன்னொரு மாத்திரை என்று சுற்றத் தொடங்கிவிடும். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு எரிச்சல் கூடிவிட்டுத்தான் இறங்கும். ‘நிறுத்தியதால்தான் கூடியது’ என்று பலர் திரும்பத் தொடங்கிவிடுவது அதனால்தான். காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவர்களுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கப்படும் 10 முதல் 25 மில்லிகிராம் பி6 வேறு கணக்கு, அதை நிறுத்தக்கூடாது.

மதுப்பழக்கம் உள்ளவர்களுக்குக் குறைவது பெரும்பாலும் பி1. குடி தொடரும்வரை அந்த நரம்பு தேறுவது கடினம்.

சர்க்கரை பற்றி எல்லோருக்கும் தெரியும். அதனால் தெரியாத இரண்டை மட்டும் சொல்கிறோம். ஒன்று, சர்க்கரை நோய் என்று பெயர் வைக்கும் அளவை எட்டுவதற்கு முன்பே மெல்லிய இழைகள் கெடத் தொடங்கலாம். வெறும் வயிற்றில் 100 முதல் 125, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்று வந்து ‘பார்டர்தான்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் கால் எரிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை கூடுதலாக எதையாவது காட்டலாம். இரண்டு, நீண்ட நாள் உச்சத்தில் இருந்த சர்க்கரையை வேகமாக இறக்கினாலும் கால் எரியும். எச்பிஏ1சி மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் இறங்கியவர்களுக்கு, இறங்கிய எட்டு வாரத்துக்குள் கடும் எரிச்சல் வருவதுண்டு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. மாதங்கள் ஆகும், ஆனால் பலருக்குத் தணியும்.

எரிச்சல் தானாகக் குறைந்தால் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. நரம்பு தேறினாலும் எரிச்சல் நிற்கும், செத்தாலும் நிற்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி, வீட்டில் ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, வருடக்கூடாது. தெரியவில்லை என்றால் திரும்பத் தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். அந்தக் காலை வெந்நீரில் விடக்கூடாது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும், காலால் அல்ல. ஹீட்டிங் பேட், ஐஸ் கட்டி இரண்டும் வேண்டாம். எரிச்சலைத் தணிக்கப் போய்க் கொப்புளமும் புண்ணுமாக வருகிறவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம்.

நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள் என்ற ஏமாற்றமும் அடிக்கடி கேட்கிற ஒன்று. நரம்புக் கடத்தல் பரிசோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். மெல்லிய இழை மட்டும் கெட்டவருக்கு அது முற்றிலும் சரியாகவே வரும். தசை வலுவும், சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சையும்கூட நன்றாக இருக்கும். ஆகவே ‘எல்லாம் மனசுதான்’ என்று ஒருவரை அனுப்பிவிடுவது அநியாயம். உறுதி செய்ய வேண்டுமென்றால், வெளிக் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் தோலைத் துளைத்தெடுத்து, மேல்தோலில் எத்தனை நரம்பிழைகள் இருக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். தையல்கூடத் தேவைப்படாத சின்னக் காயம்தான். இருந்தாலும் எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், ரத்த எண்ணிக்கை, ரத்தப் புரதப் பகுப்பாய்வு ஆகியவற்றிலேயே பலருக்குக் காரணம் பிடிபட்டுவிடும். கண்ணும் வாயும் எப்போதும் உலர்ந்திருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயைத் தேட வேண்டும்.

மருந்துப் பட்டியலையும் கேட்க வேண்டும். வின்கிறிஸ்டின், பாக்ளிடாக்செல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள், வாரக்கணக்கில் தொடர்ந்த மெட்ரோனிடசோல், 28 நாளைத் தாண்டிய லினசோலிட், நைட்ரோஃபியூரன்டாயின், அமியோடரோன் எல்லாம் காலை எரிய வைக்கக்கூடியவை. எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக்கூடாது.

ரத்த ஓட்டத்தை மறந்தால் காலே போகக்கூடும். நரம்பு எரிச்சல்காரர் போர்வை பட்டாலே துடிப்பார், காலை வெளியே நீட்டுவார். ரத்தக்குழாய் அடைத்தவர் ராத்திரி எழுந்து காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் தொங்கவிட்டால் ரத்தம் கொஞ்சம் இறங்கும். காலைத் தூக்கினால் வெளுக்கும், தொங்கவிட்டால் செக்கச் சிவக்கும். கொஞ்சம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.9-உம் அதற்குக் கீழும் வருவது அடைப்பைக் காட்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் சுண்ணாம்பாக இறுகி 1.4-க்கு மேல் பொய்க் கணக்கு காட்டுவதும் உண்டு. அவர்களுக்குக் கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். இவர்களுக்குக் கால் வீக்கம் என்று இறுக்கமான காலுறை போட்டுவிடுவது பெரும் தவறு.

நிஜமாகவே சூடாக இருக்கும் பாதம் தனி வகை. சிவந்து, கொதித்து, காலைத் தூக்கினாலும் குளிரக் காட்டினாலும் தணிந்தால் எரித்ரோமெலால்ஜியா. சிலருக்கு அது ரத்தத் தட்டணுக்கள் மிகுந்திருப்பதன் முதல் அறிகுறி. அவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினே எரிச்சலை அடக்கிவிடும். உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிக்கு ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி, வலி அவ்வளவாக இல்லை என்றால், எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். சுளுக்கு என்று நடக்கவிடக் கூடாது. அன்றே காலை ஊன்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பள்ளிப் பிள்ளை, பெரும்பாலும் பையன், காய்ச்சல் வந்தாலோ ஓடி விளையாடினாலோ கையும் காலும் எரிகிறது என்று அழுது, வியர்வையும் அதிகம் வராமல் இருந்தால், விளையாட்டுக்குப் போகாமல் இருக்கச் சாக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஃபேப்ரி என்ற பரம்பரை நோய் அப்படித்தான் தொடங்கும். பின்னாளில் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பிடிக்கும். பையன்களுக்கு ஒரு நொதியின் அளவை ரத்தத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும், பெண் பிள்ளைகளுக்கு மரபணுவையே பார்க்க வேண்டும். மருந்தும் இருக்கிறது.

காரணத்தைத் தேடும்வரை எரிச்சலைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாதாரண வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. நரம்பு வலிக்கென்று கொடுக்கும் மருந்துகள் வேறு. அமிட்ரிப்டிலின் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். டுலாக்செட்டின் 30-இல் தொடங்கி 60. பிரிகாபலின், காபாபென்டின் இரண்டுக்கும் சிறுநீரகத்துக்கு ஏற்ப அளவைக் குறைக்க வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது. எதுவானாலும் உரிய அளவுக்கு வந்த பிறகு நான்கு முதல் ஆறு வாரம் பார்த்தால்தான் பலன் தெரியும். இரண்டாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று மாற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு எதுவும் கேட்காது. எரிச்சல் பாதியாகக் குறைந்தால் அது நல்ல பலன். மிளகாய்க் காரத்திலிருந்து எடுக்கும் காப்சைசின் 0.075 சதவீதக் களிம்பைத் தினம் மூன்று நான்கு முறை பூச வேண்டும்; முதல் சில வாரம் எரிச்சல் கூடத்தான் செய்யும். பூசிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அதைவிடக் கூடும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. எரிச்சலோடு சில நாட்களுக்குள் கால் தளர்ந்து படியேற முடியாமல் போனாலோ, சிறுநீர் பிரியாமல் உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, ஒரு கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவையும் நான்கு வரியில் அடக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு காலா இரண்டு காலா, தொட்டால் சூடா சில்லென்றா, காலைத் தொங்கவிட்டால் குறைகிறதா தூக்கினால் குறைகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு நான்கு வரி போதும். அடுத்த முறை அவற்றை அச்சிடுங்கள். அந்த வாசகர் மாத்திரையைத் தொடங்கிவிட்டிருந்தால், ரத்தம் கொடுக்கப் போகும்போது எந்தத் தேதியிலிருந்து சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
நரம்பியல், பாதப் பராமரிப்புப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள்